மலை முழுசாய்த் தெரிய ஒரு டெக்

என் மனைவிக்கு முட்டி போனதும் கிரிவலமும் போனது. பௌர்ணமி தவறாமல் மலையைச் சுற்றியவள். "சுத்துறது போவட்டும், தீபத்தன்னிக்கி ஜோதியையாவது வீட்லேர்ந்து பாக்கணும்ங்க" என்றாள். வேங்கிக்காலில் எங்கள் மொட்டை மாடிக்கும் மலை உச்சிக்கும் நடுவே பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மாடியை எழுப்பி, அதன் தலையில் தண்ணீர்த் தொட்டியையும் வைத்திருந்தார். மகராசன், நன்றாக இருக்கட்டும்.

சரி, மாடிமேல் இன்னொரு மேடை போட்டுவிடலாம் என்று கிளம்பினேன். ஆசிரமத்துப் பக்கம் வெள்ளைக்காரர்கள் தங்கும் விடுதிகளில் அதற்கு டெக் என்று பெயர். அந்தப் பெயரைச் சொன்னதுமே விலை ஏறிவிடுகிறது. தேக்குப் பலகை கேட்டேன். "நம்ம ஊரு வெயிலுக்கு வருசா வருசம் எண்ணெ பூசணும் சார். பூசுவீங்களா?" என்றார் மேஸ்திரி. என் மூஞ்சியிலேயே பதில் இருந்தது போல. இரும்புச் சட்டம், சிமெண்ட் பலகை என்று இறங்கி வந்தோம். "பலகைல இன்னா சார் இருக்குது, செலவு உயரத்துல இருக்குது. ஒசர ஒசர தூணு, கைப்பிடி, கூலி எல்லாமே ஜாஸ்தியாவும்" என்றார்.

அந்த நேரம் பார்த்து மச்சினன் வந்து சேர்ந்தான். மேஸ்திரி குறித்த உயரத்துக்கு ஏணியில் ஏறிப் பார்த்துவிட்டு, "உச்சி மட்டும்தான் தெரியுது மாமா. மலையே சாமி. சாமியோட தலைய மட்டும் பாத்துட்டுப் போவாங்களா? இடுப்பு வரைக்குமாவது தெரியணும்" என்றான். இதை மறுத்துப் பேசிவிட்டு இந்த ஊரில் குடியிருக்க முடியுமா? தூணை உயர்த்தினோம். நடுவில் பௌர்ணமி வந்தது. ஊருக்குள் லாரியை விடவில்லை. வெல்டர் கிரிவலப் பாதையில் இளநீர் விற்கப் போய்விட்டார். சாரம் மட்டும் சும்மா நின்று வாடகை தின்றது. பக்தியில் கம்மி செய்ய வழியில்லாமல் படியில் செய்தேன். செங்குத்தாக வைத்தால் இரும்பு மிச்சமாம்.

தீபத்தன்று மச்சினன் குடும்பத்தோடு மேலே ஏறி முதல் வரிசையைப் பிடித்துக்கொண்டான். என் மனைவி வீட்டுப் படியைச் சுவரைப் பிடித்தே ஏறி மாடிக்கு வந்து, டெக் படியை அண்ணாந்து பார்த்தாள்.

"இது படியா, பனமரமா?"

என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். பாதிப் படியில் முட்டி மறுத்துவிட்டது. அப்படியே திரும்பி உட்கார்ந்தாள். அழுதுவிடப் போகிறாள் என்று நினைத்தேன்.

ஊரே அரோகரா என்றது. அவள் கை தானாகக் குவிந்தது. பக்கத்து வீட்டுத் தொட்டிக்கு மேலே, உச்சியில், ஜோதி தெளிவாகத் தெரிந்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"இங்கியே தெரியுதே. அதுக்கு மேல யாருக்குங்க கட்னீங்க?"