கோடையில் தள்ளி வைத்த ஒரு மணி நேரம்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு சித்திரை மாதத்தில், சேலம் சூரமங்கலத்தில் என் வீட்டு முன்னறையில் இது நடந்தது. கல்லூரியில் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். பொழுது போகாமல் கம்ப்யூட்டரில் ஜாதகம் கணிக்க ஒரு புரோகிராம் எழுதினேன். பிறந்த தேதி, நேரம், ஊர் கொடுத்தால் கட்டம் போட்டுத் தரும். பலன் சொல்வது ஜோசியர் வேலை. எனக்கு ஜாதகத்தில் நம்பிக்கை கிடையாது. என் கணக்கில் மட்டும் அபார நம்பிக்கை.

அன்று இரண்டு குடும்பங்கள் வந்தன. சங்ககிரியில் லாரி வைத்திருக்கும் என் பழைய மாணவர், தம் மகனோடு வந்திருந்தார். திருச்செங்கோட்டிலிருந்து பெண்ணின் அம்மா. பெண் பார்த்து, இரு வீட்டாருக்கும் பிடித்து, பையனும் பெண்ணும் போனில் பேசவும் தொடங்கியிருந்தார்கள். பெண் பிறந்தது அமெரிக்காவில், ஒரு ஜூலை மாதம். அதனால் ஜாதகம் எழுதாமலே விட்டிருந்தார்கள். "சார் போட்டுக் குடுத்தா தப்பு வராதுங்க" என்று மாணவர்தான் என்னிடம் அழைத்து வந்தார்.

நான் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது அந்த அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஏனுங்க சார், அங்க வெயில் காலத்துல கடியாரத்த ஒரு மணி நேரம் முன்னால தள்ளி வெச்சுக்குவாங்களே. அதையும் பாத்துட்டீங்களா?"

நான் பார்க்கவில்லை. ஒவ்வொரு ஊருக்கும் கிரீன்விச்சிலிருந்து எத்தனை மணி நேரம் வித்தியாசம் என்று ஒரே ஒரு எண்ணைத்தான் எழுதி வைத்திருந்தேன். நமக்கு வருடம் முழுக்க ஐந்தரை மணி நேரம். அங்கேயும் அப்படி ஒன்று போதும் என்று எடுத்துக்கொண்டிருந்தேன். ஆனால் பழைய மாணவர் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

"அதெல்லாம் கம்ப்யூட்டர் பாத்துக்கும்மா" என்றேன். மாணவர் சிரித்தார். "சார்கிட்டயே கணக்குக் கேக்கறீங்களா?" அந்த அம்மாவும் கூச்சத்தோடு சிரித்தார்.

நான் அச்செடுத்துக் கொடுத்த கட்டத்தைப் பையன் வீட்டு ஜோசியர் பார்த்தார். எட்டில் செவ்வாய், மாங்கல்ய தோஷம், பையனுக்கு ஆகாது என்றார். சம்பந்தம் அதோடு நின்றது.

ஒரு வாரம் கழித்துப் பையன் எனக்குப் போன் செய்தான். "சார், இன்னொருக்கா பாத்துச் சொல்லுங்க. எங்கப்பா நீங்க சொன்னாக் கேப்பாருங்க." அதே எண்களைக் கொடுத்து அதே பொத்தானை அழுத்தினேன். அதே கட்டம் வந்தது. "கணக்கு கணக்குதான் தம்பி" என்றேன். "சரிங்க சார்" என்று வைத்துவிட்டான். ஆவணியில் அவனுக்கு வேறு இடத்தில் கல்யாணம் நடந்தது. நானும் போய் வாழ்த்திவிட்டுச் சாப்பிட்டு வந்தேன்.

என் மகனும் அமெரிக்காவில்தான் இருக்கிறான். ஞாயிறு காலையில் கூப்பிடுவான். நவம்பரில் ஒரு ஞாயிறு அவன் அழைப்பு ஒரு மணி நேரம் தாமதமாக வந்தது. ஏன் என்று கேட்டேன். "போன வாரந்தானே கடிகாரத்த மாத்துனாங்க? வருஷா வருஷம் சொல்றேன், வருஷா வருஷம் கேக்கறீங்கப்பா" என்றான்.

எத்தனையோ வருடமாகத் தெரிந்த விஷயம். அன்றுதான் அந்த அம்மாவின் கேள்வி காதில் விழுந்தது. போனை வைத்துவிட்டு, அந்தப் பெண்ணின் பிறந்த நேரத்தில் ஒரு மணி நேரத்தைக் கழித்துப் போட்டேன். லக்னம் ஒரு ராசி பின்னால் போனது. செவ்வாய் ஒன்பதில் இருந்தது. தோஷம் என்று சொல்ல அதில் ஒன்றுமே இல்லை.

உடனே ஓடிப் போய்ச் சொல்லவில்லை. கல்யாணம் முடிந்துவிட்டது, இனிச் சொல்லி என்ன ஆகப்போகிறது, பலன் சொன்னது நானா என்றெல்லாம் எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன். செவ்வாய் தோஷமுள்ள பெண் என்று பேச்சுப் பரவி, அவளுக்கு வந்த வரன்கள் திரும்பிப் போகின்றன என்று கேள்விப்பட்ட பிறகும் சில நாள் அப்படியே இருந்தேன். தை பிறந்த பிறகுதான் திருச்செங்கோட்டுக்குப் போனேன்.

கூடத்தில் அம்மாவும் பெண்ணும் இருந்தார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா திட்டவில்லை. "நான் கேட்டனேங்க சார்" என்று மட்டும் சொன்னார்.

பெண்தான் பேசினாள். "அப்ப எம்மேல ஒண்ணும் இல்லீங்களா?"

"ஒண்ணும் இல்ல கண்ணு. அவங்க வீட்டுலயும் போய் நானே சொல்லிடறேன். ஊருக்குத் தெரியட்டும்" என்றேன்.

"வேண்டாமுங்க" என்றாள். "அந்த ஊட்டுக்கு இப்ப ஒரு புள்ள வாக்கப்பட்டு வந்திருக்குது. அது காதுல இது உழுகக் கூடாதுங்க. அவரு காதுலயும் உழுக வேண்டாம்."

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன் கண்ணு. போய்ட்டு வாரேங்க" என்று எழுந்தேன். அந்த அம்மா தலையை மட்டும் அசைத்தார்.

அந்தப் பெண் இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறாள். கல்யாணப் பேச்சை எடுத்தாலே ஊருக்கு வருவதில்லையாம். அவளிடம் கொடுத்த வார்த்தைக்காக இதில் யார் பெயரையும் நான் வெளியே சொன்னதில்லை. அதனால் அவளைப் பற்றிய பேச்சும் அப்படியே இருக்கிறது. புரோகிராமைத் திருச்செங்கோட்டிலிருந்து திரும்பிய அன்றே அழித்துவிட்டேன். ஆனால் "தெரியலம்மா, பாத்துச் சொல்றேன்" என்று அன்று சொல்லாமல் விட்ட ஒரு வரியை, முப்பது வருடம் பாடம் நடத்திய இந்த வாய் இன்றைக்கும் தனியாக இருக்கும்போது சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறது.