மண்ணுக்கடியில் கிடந்த கங்கு

காட்டோர முகாமுக்கு வருகிறவர்கள் அவளை ‘வாளி அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். கூடாரம் போட இடம் காட்டுவதும், கிளம்புகிறவர்களின் தீக்குழி அணைந்ததா என்று தண்ணீர் வாளியோடு போய்ப் பார்ப்பதும் அவள் வேலை.

முன்பு தையல் கடையில் பள்ளிச் சீருடைகளுக்குப் பித்தான் வைத்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வருடத்துக்கு முன் கணவனோடு இதே முகாமில் தங்கினாள். கிளம்பும்போது குழியில் மண்ணைத் தள்ளி மூடினாள். மறுநாள் மதியம் காற்று கிளம்பி, பொறி பறந்து, எதிர்ச்சரிவு முழுக்க எரிந்துபோனது. நல்லவேளை, ஆட்களுக்கு ஒன்றுமில்லை. தீ கிளம்பிய இடம் என்று செய்தியில் காட்டியது அவர்களுடைய குழியை. யார் மூட்டியது என்று யாருக்கும் தெரியாது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. நாலாம் நாள் வன அலுவலகத்துக்குப் போய் ஒப்புக்கொண்டாள்.

ஒரு வருடம் சனிக்கிழமைதோறும் அந்தச் சரிவில் கன்று நடவேண்டும் என்பது தண்டனை. தண்டனை முடிந்த பிறகும் அவள் வருவதை நிறுத்தவில்லை. வன அதிகாரி முகாமில் வேலையே கொடுத்துவிட்டார்.

போன கோடையில் ஒரு பல் மருத்துவர் மனைவி, மகள்களோடு வந்து தங்கினார். காரில் ஏறும் நேரம், குழியை மண் போட்டு நன்றாக மூடிவிட்டதாகவும் நேரமாகிறது என்றும் சொன்னார்.

“மண்ணு போட்டா தீ சாகாது சார். போர்வை போத்திக்கிட்டுத் தூங்கும்” என்றவள் குச்சியால் கிளறினாள். அடியில் கங்கு சிவந்து கிடந்தது.

“மேல அடைச்சிட்டீங்க, சொத்தை உள்ளயே இருக்குப்பா” என்றாள் சின்ன மகள். மருத்துவருக்கு முகம் சுண்டிவிட்டது.

வாளி அக்கா சிரிக்கவில்லை. எதிர்ச்சரிவைக் காட்டினாள். “அதை எரிச்சது நான்தான் சார். இப்படித்தான் மூடிட்டுப் போனேன்.”

வந்து தங்கும் யாரிடமும் அதுவரை அவள் சொன்னதில்லை. மருத்துவர் அவள் கையிலிருந்த வாளியை வாங்கிக்கொண்டார். ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கைக்குச் சாம்பல் சில்லென்று படும்வரை நான்கு வாளி ஆனது. அன்று மதியம் கூடாரங்களைப் பிடுங்குகிற மாதிரி காற்று அடித்தது. ஈரச் சாம்பல் அசையவில்லை.

அதிலிருந்து, வருகிறவர்களிடம் வாசலிலேயே அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறாள். ஊருக்கெல்லாம் சொல்லணுமா என்று கணவன் முணுமுணுத்தான். “சொன்னா கேக்கறாங்களே” என்றாள். சிலர் முகம் சுளிக்கிறார்கள். பலர் இன்னொரு வாளி கேட்டு வாங்கிப்போகிறார்கள்.

இந்தக் கோடையில் தீயணைப்பு வண்டிக்கு ஒரு அழைப்புகூட வரவில்லை. பேட்டரி இறங்காமலிருக்க வாரம் ஒரு தடவை சும்மாவே ஸ்டார்ட் பண்ண வேண்டியிருக்கிறது என்று அதன் ஓட்டுநர் அவளிடம் அலுத்துக்கொண்டார்.