பதின்மூன்றைக் காட்டியவள்

அஜைல் என்கிற வேலைத் திட்டமிடல் முறை பற்றி எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் வகுப்பு எடுப்பவள் நான்தான். நல்லூரில் ஒரு ரியூசன் நிலையத்தின் மேல்மாடியில் இருக்கிற சின்ன மென்பொருள் நிறுவனம் அது. வேலையைப் பதினான்கு நாள், அதாவது இரண்டிரண்டு கிழமைத் துண்டுகளாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொன்றும் எவ்வளவு கடினம் என்பதை எல்லாரும் ஒரே நேரத்தில் இலக்க அட்டை வைத்துக் காட்ட வேண்டும்; இலக்கம் கூடக்கூட வேலை கடினம். இதில் பெரியவர் சின்னவர் கிடையாது என்று வாய் கூசாமல் சொல்லிக்கொடுப்பேன். உண்மையில் முகாமையாளர் தன் அட்டையை வைத்த பிறகுதான் எங்கள் கைகள் அசையும்.

தொண்டைமானாற்றிலிருந்து பஸ்ஸில் வந்துபோன ஒருத்தி நான் சொன்னதை நம்பிவிட்டாள். அவளுடைய தகுதிகாண் காலம் முடிய ஒரு மாதம் இருந்தது. வேலை நிரந்தரமாக வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பில்லை.

அன்றைக்கு வந்தது ஒரு வெளிநாட்டு மருத்துவமனையின் பழைய நோயாளர் பதிவுகளைப் புதிய மென்பொருளுக்கு மாற்றும் வேலை. முகாமையாளர் மூன்றை வைத்தார். உடனே அவள் பதின்மூன்றை வைத்தாள்.

"ஏன் பிள்ளை, உமக்கு மட்டும் மலையாய்த் தெரியுது?"

"ஒரே ஆளின்ரை பேர் நாலு விதமாய்ப் பதிஞ்சிருக்கு சேர். ஒவ்வொண்டாய்ப் பார்க்க வேணும். ஆறு கிழமையாவது செல்லும்."

அவள் சொன்னது சரி. என் கையிலும் பதின்மூன்றுதான் இருந்தது. அதை மடியில் போட்டுவிட்டு மூன்றை எடுத்து வைத்தேன்.

"அக்காவும் மூண்டு எண்டுதானே சொல்லுறா. அப்ப நீரே தனியச் செய்யும். ரெண்டு கிழமை."

யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இரண்டு கிழமையில் பாதிகூட முடியவில்லை. மீளாய்வுக் கூட்டத்தில் முகாமையாளர் அவளை எழுப்பி, "என்ரை கெட்டித்தனம் போதாது" என்று எல்லார் முன்னாலும் சொல்ல வைத்தார். பிறகு அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்.

போகிற அன்று சாப்பாட்டுப் பெட்டியைப் பைக்குள் வைத்தபடி என்னிடம் கேட்டாள்.

"அக்கா, அண்டைக்கு நீங்கள் உண்மையாவே மூண்டு எண்டுதான் நினைச்சனீங்களோ?"

"ஓம்" என்றேன்.

அவள் தலையாட்டினாள். பிழை தன்னில்தான் என்று நம்பிக்கொண்டு படியிறங்கினாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட நிம்மதியாக இருந்தது.

திங்கட்கிழமை மிச்ச வேலை என்னிடம் வந்தது. எவ்வளவு காலம் வேண்டும் என்று முகாமையாளர் கேட்டார். ஆறு கிழமை என்றேன்.

"ஓம், அவசரமில்லை, ஆறுதலாய்ச் செய்யும்" என்றார்.