அண்ணன் எச்சிலும் என் எச்சிலும்

பம்பாய் லோக்கல் ரயிலில் மூன்று பேர் உட்காரும் சீட்டில் நான்கு பேர் உட்காருவார்கள். சட்டம் இல்லை, ஆனால் சட்டத்தைவிட ஒழுங்காக நடக்கும். நாலாவதாக வருகிறவர் வாயைத் திறந்து கேட்க மாட்டார். கையை லேசாக அசைப்பார், மற்ற மூன்று பேரும் நகர்ந்து கொடுக்க வேண்டும். நான் உட்கார்ந்திருக்கும் சீட்டுக்கு மட்டும் அந்த நாலாவது ஆள் வருவதில்லை. தூரத்திலிருந்தே என் இடுப்பைப் பார்ப்பார், அடுத்த சீட்டுக்குப் போய்விடுவார். முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. பிறகு ரோஷம் வந்தது. ஒருநாள் நானே ஓர் ஆளைக் கூப்பிட்டு, "ஆவோ பாய், பைட்டோ" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "கஹான்?" என்று கேட்டார். எங்கே உட்காருவது என்று கேட்கிறார். நியாயமான கேள்விதான்.

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு இது புரியாது. திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊருக்கு லீவில் போனால், என் தொப்பையைப் பார்த்து எல்லோருக்கும் சந்தோஷம். "பம்பாய்த் தண்ணி ஒத்துக்கிட்டுதுல்லா" என்பார்கள். என் அண்ணன் சுடலையும் தாராவியில்தான் இருக்கிறான், பக்கத்துச் சந்தில். ஆள் ஊதினால் பறந்துவிடுவான். அவன் ஊருக்குப் போனால் விசாரணை நடக்கும். வேலை போயிற்றா, சீக்கா, வீட்டில் சண்டையா என்று குடைந்து எடுப்பார்கள். அங்கே மெலிந்தவன் குற்றவாளி. இங்கே நான். இருபத்தாறு வருஷமாக இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரே உடம்பைத் தூக்கிக்கொண்டு அலைகிறேன்.

என் தொழில் வேறு சும்மா இராது. நான் கட்டிங் மாஸ்டர். உல்லாஸ்நகர் வியாபாரிகளுக்கு ஜீன்ஸ் பேன்ட் துணி வெட்டிக் கொடுக்கிறேன். ஆள் நடந்து வரும்போதே இடுப்பு எத்தனை இன்ச் என்று சொல்லிவிடுவேன். என் இடுப்பில் டேப்பை வைத்து மட்டும் பல வருஷம் ஆகிறது.

எனக்குக் கிண்டல் பழகிப்போயிற்று. என் மகள் கனிக்குப் பழகவில்லை. பதினேழு வயது, ஜூனியர் காலேஜ் படிக்கிறாள், உடல்வாகு அப்படியே என்னுடையது. தீபாவளிக்கு நான் தைத்துக் கொடுத்த சுடிதார் பொங்கலுக்குள் இறுக்கமாகிவிட்டது. அன்றோடு ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினாள். பிறகு காலைச் சாப்பாட்டையும். ஒருநாள் சயான் ஸ்டேஷன் படிக்கட்டில் மயங்கி உட்கார்ந்துவிட்டாள். என் மனைவி செல்வி, "இங்கேருங்க, பிள்ளை ஒண்ணுமே திங்க மாட்டேங்கு. ஏதாச்சும் செய்யுங்க" என்று அழுதாள். எனக்குப் பயமாக இருந்தது. இது அவள் தப்பு இல்லை என்று படித்தவர் யாராவது காகிதத்தில் எழுதித் தந்தால் நம்புவாள் என்று தோன்றியது. நான் சொன்னால் நம்ப மாட்டாள். நானே ஒரு குண்டன். என் பேச்சுக்கு என்ன மரியாதை.

அந்த நேரம் பார்த்துத்தான் சயான் பக்கம் ஒரு ஹாலில் ஜீன் டெஸ்ட் நடப்பதாகத் தகவல் வந்தது. அண்ணன் தம்பி ஜோடியாக வர வேண்டுமாம். பேன்ட் போட்டுப் பார்க்க ஆள் தேடுகிறார்கள் என்று நினைத்து, "எத்தன இன்ச் வேணுமாம்?" என்று கேட்டுவிட்டேன். கனி தலையில் அடித்துக்கொண்டு விளக்கினாள். பெற்றவர்களிடமிருந்து பிள்ளைகளுக்கு வரும் குணங்களில் சின்னச் சின்ன வித்தியாசங்கள் இருக்குமாம். அதில் சில வித்தியாசங்கள் நிறையப் பேருக்கு இருக்குமாம். அவை உடம்பு பெருப்பதோடு சேர்ந்து வருகின்றனவா என்று பார்க்கிறார்களாம். எனக்கு உயிர் வந்தது. நான் தேடிய காகிதம் இதுதான்.

அண்ணனைக் கிளப்புவதுதான் பெரும்பாடு. "ஏல முத்து, ஒன் வாயி பண்ணுத வேலைக்கு ரத்தத்த ஏம்ல இழுக்க?" என்றான். ரத்தம் இல்லை, எச்சில்தான் கேட்கிறார்கள் என்றதும் வந்தான்.

ஹாலில் முதல் மேஜையில் ஒரு மராட்டிப் பெண் இரண்டு சின்னக் குப்பிகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எங்கள் இருவரையும் பார்த்து, "தோகாத் மோட்டா கோண்?" என்று கேட்டாள். மோட்டா என்றால் குண்டு, இருவரில் குண்டு யார் என்று கேட்கிறாள். பம்பாயில் இறங்கிய முதல் வாரத்திலேயே நான் கற்றுக்கொண்ட ஹிந்தி வார்த்தை அது. இவளுக்குக் கண் தெரியவில்லையா, இதையும் வாயால் கேட்க வேண்டுமா என்று கோபம் வந்தது. ஆனாலும் மகளுக்காக வெட்கத்தை விட்டுக் கையைத் தூக்கினேன். ஒன்று என்று எழுதிய குப்பியை எனக்குக் கொடுத்தாள், இரண்டை அண்ணனுக்கு. துப்பிக் கொடுத்தோம். அடுத்த மேஜையில் ஆதார் அட்டையைப் பார்த்துப் பெயரும் வயதும் எடையும் எழுதிக்கொண்டார்கள்.

சில வாரம் கழித்துக் கூப்பிட்டு ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். டாக்டரம்மா பொறுமையாக ஹிந்தியில் விளக்கினார். உடம்பு பெருப்பதற்குச் சாய்வு தரும் வித்தியாசங்கள் அண்ணனுக்கு நிறைய, எனக்குக் கொஞ்சம். நான் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "இது அவர் தாள்தானா?" என்று அண்ணனைக் காட்டிக் கேட்டேன். "அப்படியும் இருக்கும். ஒவ்வொன்றும் கொஞ்சம்தான் சாய்க்கும். சாய்வு இருந்தும் ஒல்லியாக இருப்பவர்கள் உண்டு" என்றார்.

அதற்குப் பிறகு அண்ணனைப் பிடிக்க முடியவில்லை. டீக்கடையில் நின்று, "எனக்குள்ள குண்டு ஆகுத குணம் பூராவும் இருக்குன்னு டாக்டரே சொல்லுதாக. அம்புட்டையும் அடக்கி வச்சிருக்கேன்" என்று பேசினான். சந்தே அவனை ஒரு சாமியாரைப் பார்ப்பதுபோலப் பார்த்தது. செல்வி என் தட்டிலிருந்து ஒரு தோசையை எடுத்துவிட்டாள். அதெல்லாம் போகட்டும். கனி என் தாளை வாங்கிப் படித்துவிட்டு, "அப்ப உங்ககிட்டேருந்து எனக்கு ஒண்ணும் வரல. எல்லாம் என் தப்புதான்" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள். மகளைக் காப்பாற்றப் போய் அவள் தலையில் நானே கல்லைத் தூக்கிப் போட்ட மாதிரி ஆயிற்று. அன்றைக்கு எனக்கும் சோறு இறங்கவில்லை.

நாலைந்து நாள் அவள் என்னோடு பேசவே இல்லை. பொறுக்க முடியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் முன்னால் போய் உட்கார்ந்தேன். "ஒனக்காகத்தான் போனேன் பிள்ள. அத்தன பேரு முன்னால ஒரு பொம்பளப் பிள்ள 'மோட்டா கோண்'னு கேக்கா. நாந்தான்னு கைய தூக்குனேன். எனக்கு மட்டும் மானம் இல்லியா?" என்றேன்.

கனி எழுந்து உட்கார்ந்தாள். "கோண்னு கேட்டாளா, கௌன்னு கேட்டாளா?"

"கோண்."

"அப்பா, கௌன்னாதான் ஹிந்தி. கோண்னா மராட்டி. ஹிந்தில மோட்டான்னா குண்டு. மராட்டில மோட்டான்னா பெரியவரு. ரெண்டு பேர்ல அண்ணன் யாருன்னு கேட்டிருக்கா."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஒண்ணு மோட்டா. இன்னொண்ணு மோட்டா" என்றாள்.

என் காதில் எந்த வித்தியாசமும் விழவில்லை. இன்னும் இரண்டு முறை சொன்னாள். அப்போதும் விழவில்லை. தமிழில் எழுதினாலும் இரண்டும் ஒன்றுதான், இதோ நீங்களே பார்க்கிறீர்கள். அவள் என் முகத்தைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தாள். பல வாரம் கழித்து அவள் சிரிப்பைக் கேட்கிறேன். செல்வி அடுக்களையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள்.

மறுநாளே நானும் செல்வியும் கனியும் ரயிலேறி டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கனி ஹிந்தியும் மராட்டியுமாகக் கலந்து விளக்கினாள். அந்த அம்மாள் மேஜையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார். ஒன்றாம் குப்பி மூத்தவனுக்கு வைத்ததாம், என் எச்சில் அண்ணன் பெயரில் போயிருக்கிறது. மறுபடியும் துப்பச் சொன்னார்கள். அண்ணனையும் அதட்டி அழைத்துப் போய்த் துப்ப வைத்தேன். தாள் திருத்தி வந்தது. சாய்வு நிறைய எனக்கு. அண்ணனுக்குக் கொஞ்சம்தான்.

"அப்ப நான் இத்தன வருசமா அடக்குனது?" என்று கேட்டான்.

"அடக்க ஒண்ணும் இல்லண்ணே" என்றேன். இரண்டு நாள் டீக்கடைப் பக்கமே வரவில்லை பாவம்.

நான் துள்ளிக் குதித்திருப்பேன், டாக்டரம்மா விடவில்லை. "இதை வைத்துக்கொண்டு இஷ்டத்துக்குச் சாப்பிடாதீர்கள். சாய்வுதான், தீர்ப்பு இல்லை" என்று என்னிடம் சொன்னார். கனியிடம் அவர் பேசிய தோரணை வேறு. சிலருக்குப் பசி அதிகமாக எடுக்கும், வயிறு நிறைந்தது தாமதமாகத் தெரியும். அது குணக்கேடு இல்லை என்றார். அப்பாவிடமிருந்து உனக்கு எது வந்தது என்று சோதித்தால்தான் தெரியும், ஆனால் ராத்திரி சாப்பிடுவதற்கு அந்தச் சோதனை தேவை இல்லை என்றார். கனி தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது. ரயிலில் என்னை ஒட்டித்தான் உட்கார்ந்து வந்தாள்.

அன்று சாயங்காலம் செல்வி தோசை சுட்டாள். கனி தட்டைப் போட்டு உட்கார்ந்தாள். நாங்கள் இருவரும் பார்த்தும் பாராததுபோல இருந்தோம். முதல் தோசை முடிந்தது. இடது கையால் பேப்பரில் ஒரு துண்டு கிழித்து என் வாய்க்கு முன்னால் தொங்கவிட்டாள். "குண்டு மோட்டாக்குப் பேப்பர் ஆடாது. பெரியவர் மோட்டாக்கு ஆடணும், மூச்சு வரும். சொல்லுங்க."

சொன்னேன். ஆடவில்லை. தன் வாய்க்கு முன்னால் பிடித்து அவள் சொன்னாள். காகிதம் படபடவென்று ஆடியது. மறுபடியும் சொன்னேன். சும்மா தொங்கியது. அவள் கன்னமும் கையும் இடுப்பும் என்னிடமிருந்து வந்தவை, டாக்டர் சொல்லாமலே எனக்குத் தெரியும். அந்த மூச்சு மட்டும் இந்த ஊர் கொடுத்தது. இருபத்தாறு வருஷத்தில் எனக்கு அது வரவில்லை.

"இன்னொரு தடவ சொல்லுங்கப்பா" என்று வாய் நிறையத் தோசையோடு சொன்னாள். காகிதம் ஆடக் கூடாது என்று வேண்டிக்கொண்டே சொன்னேன். ஆடினால் விளையாட்டு முடிந்துவிடும், அவளும் எழுந்துவிடுவாள்.