சீதாக்கா வீட்டுக்கு வெள்ளமே வரவில்லை

கிள்ளானில் எங்கள் வரிசை வீடுகளில் எனக்கு அடுத்த வீடு சீதாலெட்சுமி அக்காவுடையது. நடுவில் ஒரே சுவர். அந்தச் சுவர் வழியாக இருபத்திரண்டு வருடமாக என் காதில் விழுவது துடைப்பச் சத்தம். பள்ளிக்கூடக் கேண்டீன் நடத்தி ஓய்வு பெற்றவர். ஓய்வு அவருக்கு மட்டும்தான், துடைப்பத்துக்கு இல்லை. மூன்று நாள் கேமரன் மலைக்குப் போவதென்றாலும் வீடு முழுக்க மாப் போட்டுவிட்டுத்தான் கதவைப் பூட்டுவார். கேட்டால், "திருடன் வந்தா நம்மளப் பத்தி என்ன நெனப்பான், லோகன்?" என்பார். திருடனிடமும் நல்ல பெயர் வாங்கத் துடிக்கிற பெண்மணியிடம் என்னத்தைப் பேசுவது? அவர் கணவர் நாகையா அண்ணன் முப்பது வருடமாகப் பேசியதே இல்லை.

போன டிசம்பர் மழையில் ஆறு எங்கள் தெருவுக்குள் வந்துவிட்டது. தீயணைப்புப் படையினர் படகில் வந்து அக்கா வீட்டுக்குள் நுழையப் போனபோது தண்ணீர் முட்டிக்கு மேல். அக்கா வாசலிலேயே மறித்து, "பூட்ஸை வெளியே கழற்றிவிட்டு வாங்க" என்று மலாயில் சொன்னார். முன்னால் வந்த மலாய்க்காரர் பாவம், குனிந்து தண்ணீருக்குள் தன் காலைத் தேடினார். நான் படகில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டேன்.

தண்ணீர் வடிந்ததும் அக்காவும் அண்ணனும் சுங்கை பூலோவில் அண்ணனின் தங்கை வீரம்மா வீட்டுக்குப் போனார்கள். வீரம்மா தங்கமான மனுஷி. ஆனால் ஒன்பது பூனை வளர்க்கிறார், ஒன்பதும் சாப்பாட்டு மேசையில்தான் தூங்கும். அக்கா அந்த வீட்டில் நின்றபடியே சாப்பிட்டார். அண்ணன் குட்டிச் சோபாவில் காலை மடக்கிப் படுத்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். வயரிங் மாற்றி, சமையலறை அலமாரிகளைப் புதிதாகப் போட்டால்தான் சொந்த வீட்டுக்குத் திரும்ப முடியும். அதற்கு இன்சூரன்ஸை விட்டால் வேறு வழியில்லை.

தண்ணீர் வடிந்த அன்றைக்கே நான் படித்துப் படித்துச் சொன்னேன். "அக்கா, மெயின் சுவிட்சத் தொடாதீங்க. வயர்மேன் வந்து பாக்கட்டும். கழுவுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு ரூமா போட்டோ எடுங்க. சுவத்துல சேத்துக்கோடு இருக்கு பாருங்க, அத அழிச்சிறாதீங்க. நனைஞ்ச சாமான் ஒண்ணையும் வீசாதீங்க. இன்சூரன்ஸ் ஆளு வீட்டுக்கு வந்து பாக்கணும்."

"வீட்டுக்கு ஆளு வராங்களா?" என்றார் அக்கா.

"ஆமா லா, வியாழக்கிழமை."

நான் சொன்னதில் அந்த ஒன்றுதான் அவர் காதில் ஏறியது. வீட்டுக்கு ஆள் வருகிறது! என் நாக்கில்தான் சனி.

திங்கட்கிழமை காலையிலிருந்து சுங்கை பூலோவிலிருந்து வந்து வந்து கழுவினார். சேற்றை வழித்தார், பிளீச் ஊற்றினார், சுவரில் இருந்த கோட்டைப் பாத்திரம் தேய்க்கும் நாரால் தேய்த்தே எடுத்தார். ஈரம் காயாத சுவரில் அண்ணனை விட்டு மிச்சமிருந்த வெள்ளைப் பெயிண்டை அடிக்க வைத்தார். கோயிலிலிருந்து நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன. ஜன்னலுக்குப் புதுத் திரை. போட்டோ எடுத்தீர்களா என்று கேட்டேன். "அலங்கோலமா கெடக்குற வீட்ட எவனாச்சும் போட்டோ எடுப்பானா?" என்று என் மேலேயே எரிந்து விழுந்தார்.

சாமான்களை மட்டும் வீசவில்லை, அதில் என் பேச்சைக் கேட்டார். மெத்தை, சோபா, பிரிட்ஜ், துணி துவைக்கும் இயந்திரம், ஊறி உப்பிய அலமாரிக் கதவுகள், எல்லாவற்றையும் பின்னறைக்குள் தள்ளிப் பூட்டிவிட்டார். விருந்தாளி வரும்போது நம் வீடுகளில் எல்லாரும் செய்கிற வேலைதான் இது. ஒரு கூடைத் துணியை ஒளிப்போம். அக்கா ஒரு வெள்ளத்தையே ஒளித்துவிட்டார்.

வியாழக்கிழமை வந்தவர் சரண் என்ற இளைஞர், இழப்பை மதிப்பிடும் அட்ஜஸ்டர். துணைக்கு இருக்கட்டும் என்று அண்ணன் என்னையும் கூப்பிட்டிருந்தார். சரண் உள்ளே வந்தார், ஊதுபத்தி வாசனையை மோந்தார், வெள்ளைச் சுவரைப் பார்த்தார், கையிலிருந்த முகவரியை மறுபடி பார்த்தார்.

"ஆன்டி, வெள்ளம் வந்த வீடு இதுதானா?"

"இதேதான் தம்பி. உக்காருங்க, டீ குடிங்க. எந்த எடம் நீங்க?"

"பிரிக்பீல்ட்ஸ், ஆன்டி."

"அங்க பூமணி டீச்சரத் தெரியுமா? எங்க ஸ்கூல்லதான் வேலை செஞ்சாங்க."

"என்னோட அத்தை அவங்க."

அக்கா முகம் செத்துவிட்டது. வந்தவன் அந்நியனாக இருந்தாலாவது பரவாயில்லை. இவன் கண்ணில் ஒரு பாசி பட்டால் அது பிரிக்பீல்ட்ஸ் வரைக்கும் போகும். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, பின்னறைச் சாவி இனி வெளியே வராது என்று.

சரண் ஒவ்வொரு அறையாகச் சுற்றினார். தண்ணீர் எவ்வளவு உயரம் என்று கேட்டார். அக்கா முட்டிக்கு மேலே தொட்டுக் காட்டினார். அதற்கு என்ன ஆதாரம் என்றார். என் வீட்டுப் போட்டோக்களை நீட்டினேன். "அங்கிள், இது உங்க வீடு. அவங்க இன்சூரன்ஸ் பாரத்துல உங்க வீட்ட எப்படிக் காட்டுறது?" என்று திருப்பிக் கொடுத்தார். நியாயம்தான். எனக்கு எரிச்சலாக வந்தது.

"அந்த ரூம் பூட்டியிருக்கே?"

"அது சாமி ரூம்," என்றார் அக்கா, கண் சிமிட்டாமல்.

சரண் திரும்பி ஹாலைப் பார்த்தார். அங்கே சாமி மாடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "ரெண்டு சாமி ரூமா?"

"முருகனுக்குத் தனி."

பூட்டிய கதவுக்கு அடியிலிருந்து அழுகிய மெத்தையின் நாற்றம் வந்துகொண்டிருந்தது. எந்த முருகனும் அங்கே ஒரு நிமிஷம் இருக்கமாட்டார். சரண் பெருமூச்சு விட்டு, "அப்போ பாக்க சேதம் ஒண்ணும் இல்லன்னுதான் எழுதணும் ஆன்டி" என்று வாசல் பக்கம் திரும்பினார்.

நான் வாயைத் திறப்பதற்குள் நாகையா அண்ணன் பேசினார். "சீதா, எனக்கு நம்ம வீட்டுக்கு வரணும்." அவ்வளவுதான். பூனைகளைப் பற்றியோ இடுப்பைப் பற்றியோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் கண் கலங்கியது, அதை மறைக்க ஆறிப்போன டீயைக் குடித்தேன்.

அக்கா கைப்பையிலிருந்து சாவியை எடுத்தார். ஊறிப்போன கதவு திறக்கவில்லை. நானும் சரணும் தோளால் மோதினோம். மூன்றாவது மோதலில் கதவு திறந்துகொண்டது, மேலே அடுக்கியிருந்த மெத்தை சரண் மேல் சரிந்தது. அடியிலிருந்து அவர் குரல் வந்தது: "ஆன்டி, சூப்பர்! இதத்தான் தேடுனேன்!"

சரண் எழுந்து போட்டோ எடுக்கப் போனைத் தூக்கியதும் அக்கா ஓடிப்போய் மெத்தையோடு விழுந்த போர்வையை மடிக்க ஆரம்பித்தார். "சீதா, தொடாத!" என்று அண்ணன் போட்ட சத்தத்தில் நான்கூட அசைவற்று நின்றேன். அத்தனை போட்டோ எடுத்து முடியும்வரை அக்கா கைகளைக் கட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி நின்றார். கேண்டீனில் இருபது வருடம் அவர் பட்ட பாடு எல்லாம் அந்தப் பத்து நிமிஷத்துக்கு ஈடாகாது.

பிறகு சரண் பாரத்தை நிரப்பினார். கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி பாக்கி. அதை அவர் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"வெள்ளத்துக்கு முன்னாடி வீடு எப்படி இருந்துச்சு, ஆன்டி?"

அக்கா மெல்லத் திரும்பினார். இத்தனை வருடத்தில் யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை. நாங்களெல்லாம் கேலிதான் செய்திருக்கிறோம். நாற்காலியை இழுத்துப் போட்டு சரணுக்கு எதிரில் உட்கார்ந்தார், முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எழுதுங்க தம்பி. ஹால்லேருந்து ஆரம்பிப்போம். பேன் எறக்கைக்கு மேலகூட தூசி இருக்காது."

அழுதுகொண்டே சொன்னார், அறை அறையாகச் சொன்னார். சரண் ஒரு இடத்தில்கூடக் குறுக்கிடவில்லை. பாரத்தில் இடம் போதாமல் என் வீட்டிலிருந்து நான்தான் தாள் கொண்டுவந்து கொடுத்தேன்.