ஒற்றைக் கைக் கோட்டை

தோற்பதைப் பற்றித் தனக்கு வருத்தமே இல்லை என்று விஜயகுமாரி சொன்னால் நம்பிவிடாதீர்கள். செஸ்ஸில் தோற்றுவிட்டு வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வைக்கும் குழம்பை வாயில் வைக்க முடியாது, உப்புக் கரிக்கும். கணவர் நல்லசாமி வாயைத் திறக்காமல் மோரை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டு எழுந்துவிடுவார். எழுபத்தொன்பதாம் வருஷம் பெரும்பாலும் அவர் மோரில்தான் காலம் தள்ளினார்.

அவள் நெய்வேலியில் மைன்ஸ் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். குழந்தையில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் இடது கை சூம்பிப்போனது. அதற்கும் சேர்த்து வலது கை ஓடியது. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாளென்றால், ஒரே கையால் ஒயரைப் பிடுங்குவதும் செருகுவதுமாக, கேட்டவர் கேட்டு முடிப்பதற்குள் இணைப்பைக் கொடுத்துவிடுவாள். அப்பேர்ப்பட்டவள், அவர்கள் குடியிருந்த பிளாக்கின் கிளப்பில் நடக்கும் ஐந்து நிமிஷ செஸ் ஆட்டத்தில் மட்டும் நேரம் போதாமல் தோற்றுக்கொண்டிருந்தாள்.

காரணம் எல்லோர் கண் முன்னாலும்தான் இருந்தது. ஆளுக்கு ஐந்து நிமிஷம். காயை நகர்த்தியதும் கடிகாரத்தின் குமிழை அழுத்த வேண்டும், நேரம் தீர்ந்தால் கடிகாரத்தில் கொடி விழும், ஆட்டம் போச்சு. அந்தக் கிளப்பில் மற்றவர்கள் வலது கையால் காயை நகர்த்துவார்கள், இடது கை குமிழின் மேலேயே காவல் இருக்கும். ராஜாவையும் யானையையும் ஒரே முறையில் நகர்த்திக் கோட்டை கட்டும்போது இரண்டு கையையும் போட்டுச் சட்டென்று முடித்துவிடுவார்கள். அவளோ ராஜா, யானை, குமிழ் என்று ஒரே கையால் மூன்று இடம் போய் வர வேண்டும். பலகையில் அவள் ஜெயித்துக்கொண்டிருப்பாள், கொடி விழுந்துவிடும்.

அந்த வருஷம் அனல்மின் நிலையத்துக் கிளப்போடு போட்டி வந்தது. அணியில் ஒரு இடம் மிச்சம். அதற்கு விஜயகுமாரியும் சாகுல் ஹமீதும் ஆட வேண்டும் என்று ஏற்பாடு. சாகுல் நெல்லிக்குப்பத்துக்காரர், சுரங்கத்தில் ராட்சத இயந்திரத்தில் மெக்கானிக்.

கிளப் செயலாளர் பரமசிவம் நல்ல மனுஷர். அந்த நல்ல மனசோடுதான் அவளுக்கு இரண்டு நிமிஷம் கூடுதலாகக் கொடுக்கலாம் என்றார். அவளுக்குச் சுருக்கென்றது. சலுகை வேண்டாம், ஒரு கையால் நகர்த்தி அதே கையால் குமிழை அழுத்த வேண்டும் என்பதுதானே ஒழுங்கான விதி, அதை வைத்தால் போதும் என்றாள். அதெல்லாம் மணிக்கணக்கில் ஆடுகிறவர்களுக்கு, வேக ஆட்டத்துக்கு விதியைக் கொஞ்சம் தளர்த்தத்தான் வேண்டும், இல்லாவிட்டால் விறுவிறுப்பே போய்விடும் என்று பரமசிவம் வாதாடினார். நாலைந்து பேர் ஆமாம் போட்டார்கள்.

"வேகம்னா யோசிக்கிறதுல இருக்கணும் சார்," என்றாள் விஜயகுமாரி. "யாருக்கு எத்தனை கைன்னு பாக்குறதுக்கா கடிகாரம் வைக்கிறோம்?"

சாகுல் தொண்டையைச் செருமினார்.

"மிஷின்ல படி ஏறச்சொல்ல ஒரு கை கம்பியப் புட்ச்சிகினு இருக்கணும் சார், மறு கையிலதான் வேல. பழகுனதுதான். அந்த மாரியே ஆடிடலாம்."

அணியில் இடத்துக்கு அவளோடு மோதப்போகிறவரே இப்படிச் சொன்ன பிறகு பரமசிவம் என்ன செய்வார்? மறந்து இரண்டு கை போட்டால் காயைத் திருப்பி வைத்து மறுபடி நகர்த்த வேண்டும், அதுவரை கடிகாரம் ஓடும் என்று முடிவானது.

ஆட்டம் தொடங்கியது. சாகுல் இடது கையால் நாற்காலிக் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார், ஏதோ அறுபது அடி உயரத்தில் நிற்பவர் மாதிரி. அப்படியும் கோட்டை கட்டும் நேரத்தில் பழக்கதோஷம், இரண்டு கையும் பாய்ந்துவிட்டன. மற்றவர்கள் சொல்லும் முன் அவரே நாக்கைக் கடித்துக்கொண்டு காய்களைத் திருப்பி வைத்து, ஒரு கையால் மறுபடி கட்டினார். அவர் நேரம் கரைந்தது.

விஜயகுமாரி நன்றாகத்தான் ஆடினாள். ஒரு குதிரையைக் கூட வெட்டிவிட்டாள். அந்தச் சந்தோஷத்தில் தன் ராஜாவுக்கு முன்னால் நின்ற சிப்பாய்களில் ஒன்றை நகர்த்தி வழிவிட வேண்டும் என்பதை மறந்துபோனாள். சாகுலின் யானை நேராகக் கடைசி வரிசைக்கு இறங்கியது. ராஜாவுக்குப் போக இடமில்லை, செக்மேட்.

பலகையைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். அவள் கொடி விழாமல் அப்படியே இருந்தது.

பரமசிவத்துக்கு மனசு கேட்கவில்லை. புது விதி, எல்லோருக்கும் பழக்கமில்லை, வேண்டுமானால் இன்னொரு ஆட்டம் வைத்துப் பார்க்கலாம் என்று இழுத்தார்.

"வேணாம் சார்," என்றாள். அவள் முகம் மலர்ந்திருந்தது. "இவ்வளவு நாளா கடிகாரம்தான் என்னைத் தோக்கடிச்சுது. இன்னைக்கு பாய் தோக்கடிச்சாரு. அது என் தப்புதான், அடுத்த தடவை பண்ண மாட்டேன். இந்த விதிய மட்டும் மாத்திராதீங்க."

மாற்றவில்லை. அடுத்த வருஷம் அவள் அணியில் இருந்தாள் என்பது வேறு விஷயம்.

அன்று மத்தியானம் நல்லசாமி வழக்கம்போல் மோரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் சாப்பிட உட்கார்ந்தார். குழம்பில் உப்பு சரியாக இருந்தது. இரண்டாம் முறையும் ஊற்றிக்கொண்டு, ஜெயித்துவிட்டாயா என்று கேட்டார்.

"தோத்துட்டேன்," என்றாள் அவள், சிரித்துக்கொண்டே.