கிளாக்கர் ஐயாவின் பெண்டிங் தட்டு

என் கடை மேசையின் வலது மூலையில் ஒரு ரப்பர் முத்திரை இருக்கிறது. மரப்பிடி, நடுவில் திகதியைத் திருப்பும் சின்னச் சக்கரங்கள், மேலே 'பெறப்பட்டது' என்று ஒரே ஒரு சொல். திருத்த வரும் ஒவ்வொரு கணினிக்கும் ஓர் அட்டை எழுதி, அதன் தலையில் இதைக் குத்துவேன். ஆண்டுச் சக்கரம் போன வருடத்தோடு முடிந்துவிட்டது. அதனால் ஆண்டை மட்டும் பேனையால் எழுதுகிறேன். புதிது ஒன்று வாங்கினால் என்ன என்று வருகிறவர்கள் கேட்பதுண்டு. கேட்டுவிட்டுப் போகட்டும். இதை முதலில் வைத்திருந்தவர் ஒரு தோட்டத்துப் பெரிய கிளாக்கர், அதாவது தலைமை எழுத்தர். வேலையில் இருந்தபோது குத்தியது ஆபீசின் ஆங்கில முத்திரை. ஓய்வு பெற்ற பிறகு, வீட்டில் இருந்து குத்துவதற்கென்றே தமிழில் இதைச் செய்வித்துக்கொண்டார். அப்படி ஒரு மனிதர்.

பன்விலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்துவிட்டு, கண்டி நகரத்து மஹய்யாவையில் தனியாக இருந்தார். மனைவி முன்பே காலமாகிவிட்டார். கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்து மாடியில் இருக்கும் என் கடைக்கு அவர் முதன்முதலில் வந்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. கணினிப் பெட்டியைப் படுக்கை விரிப்பில் சுற்றி, முச்சக்கரவண்டிச் சாரதியைக் கொண்டு படியேற்றினார். பார்த்தால் உள்ளே பிள்ளை தூங்குகிறது என்று நினைக்கலாம், அத்தனை பக்குவம். பெட்டியை வைத்ததும் சட்டைப் பையிலிருந்து தட்டச்சு செய்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். தோட்டத்தில் ஒரு கிளாக்கர் மாறிப் போகும்போது, அடுத்து வருகிறவருக்குக் கையளிப்புப் பட்டியல் கொடுக்க வேண்டுமாம். சாவி எத்தனை, கதிரை எத்தனை, அலுமாரியில் எந்தத் தட்டில் எந்தப் புத்தகம் என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவார்கள். இவர் தன் மின்னஞ்சலுக்கு ஒரு கையளிப்புப் பட்டியல் தயாரித்து வந்திருந்தார். முகவரி, கடவுச்சொல், சேர்வரின் பெயர், கடித முடிவில் தானாக வர வேண்டிய இரண்டு வரி, ஃபோல்டர்கள் ஒவ்வொன்றின் பெயர். கீழே அவருடைய கையெழுத்து, பக்கத்தில் எனக்கு ஒரு கோடு.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "ஐயா, ஹார்ட் டிஸ்க் செத்துப்போச்சு. நான் என்னத்த பொறுப்பெடுக்கிறது?" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கையெழுத்துப் போட்டேன். என்னுடைய வயதுப் பெண்ணை அவர் வயதுக்காரர்கள் இங்கே மகள் என்றுதான் கூப்பிடுவார்கள். பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்கூட, தள்ளி உட்காருங்க மகள் என்பார். இவர் முதல் நாளிலிருந்து 'மிஸ்' தான். அதுவும் ஆபீஸ் பழக்கம் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

வரும் மின்னஞ்சல் ஒவ்வொன்றையும் அச்செடுத்து, முத்திரை குத்தி, இலக்கம் போட்டுக் கோவையில் சேர்ப்பது அவருடைய வழக்கம். ஆகவே கணினி போனதில் அவருக்குப் பெரிய நட்டம் இல்லை. ஒரே ஒரு ஃபோல்டரை மட்டும் பட்டியலில் கோடிட்டிருந்தார். அதன் பெயர் 'பெண்டிங்'. "மத்ததெல்லாம் கடதாசியில இருக்கு. இது மட்டும் இல்ல. வந்த கடுதாசி தொலையக் கூடாது, மிஸ்," என்றார். தோட்டத்து ஆபீசில் அவருடைய மேசையில் மூன்று தட்டுகள் இருந்தனவாம். வருவது ஒன்று, போவது ஒன்று, முடிவெடுக்காமல் நிறுத்தி வைத்தது ஒன்று. முதல் தட்டில் விழுந்த கடிதத்துக்கு அன்றைக்கே முத்திரை, மூன்று நாளுக்குள் பதில். அதில் ஒரு நாளும் பிசகியதில்லை. கொழும்புக் கந்தோருக்கு எழுதிய ஆயிரம் கடிதத்தில் 'பிழை எமது பக்கம்' என்று ஒருமுறைகூட எழுதியதில்லை என்பதையும் சொன்னார். ஏதாவது தாமதம் என்றால் அது தப்பாலின் தாமதம், அதாவது தோட்டத்துக்குக் கடிதப் பை கொண்டுவருகிறவனின் தாமதம். இல்லாவிட்டால் மழை. கிளாக்கர்மார் பிழையை ஒத்துக்கொள்ளும் இனமல்ல என்று எனக்கும் தெரியும். என் மாமா ஒருவர் கலஹாவில் கிளாக்கராக இருந்தார்.

அந்த ஹார்ட் டிஸ்க் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் கேட்டால் டிஸ்க் அதிக நாள் தாங்காது என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். சூடேறினால் நின்றுவிடும். ஆறவிட்டு, மறுபடி ஓட்டி, கொஞ்சம் கொஞ்சமாகப் பிரதி எடுக்க வேண்டும். இரண்டு நாள் அதைக் கெஞ்சியும் ஏசியும் வேலை வாங்கினேன். அவருடைய கணக்கு பழைய முறையில் இருந்தது. கடிதம் கணினிக்கு வந்ததும் சேர்வரிலிருந்து அழிந்துவிடும். தபாற்கந்தோரிலிருந்து வீட்டுக்கு எடுத்து வந்த கடிதம் தபாற்கந்தோரில் மிச்சம் இருக்காது, அதே மாதிரி. அதனால் இந்தப் பெண்டிங் தட்டில் இல்லை என்றால் வேறெங்கும் இல்லை. கடதாசியில் பத்திரமாக இருந்த ஃபோல்டர்கள் எல்லாம் ஒரு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தன. கோடிட்ட ஒன்று மட்டும் முரண்டு பிடித்தது. எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது.

கடைசியில் அதுவும் வந்தது. நூறு கடிதத்துக்கு மேல். எல்லாம் ஒரே பெண்ணிடமிருந்து, மாதம் ஒன்று. அவளுடைய பெயருக்கு முன்னால் இருந்த இனிஷியல் இவருடைய பெயரின் முதலெழுத்து. ஒன்றைக்கூட யாரும் திறக்கவில்லை. எல்லாம் தடித்த எழுத்தில், படிக்காத கடிதங்களாகவே கிடந்தன. மீட்டது சரியா என்று பார்க்க ஒன்றையாவது திறந்தாக வேண்டும். திறந்தேன். 'அப்பா' என்ற முதல் சொல்லைப் பார்த்ததும் மூடிவிட்டேன். நம்புகிறவர்கள் நம்பலாம். ஆனால் தட்டின் தொடக்கம் இருந்த இடத்தில் டிஸ்க் அரிபட்டுப் போயிருந்தது. அங்கே இருந்த முதல் ஏழு கடிதங்கள் வரவில்லை. என்ன செய்தும் வரவில்லை.

அவர் வந்ததும் அதைச் சொன்னேன். எந்த ஏழு என்று கேட்டார். முதல் ஏழு என்றேன். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "முதல் கடுதாசியில என்ன எழுதியிருந்தாள்னு எனக்குத் தெரியாது, மிஸ். எப்பவாவது பார்க்கலாம்னு இருந்தேன்," என்றார். பிறகு, கேட்காமலே மிச்சத்தைச் சொன்னார். ஒரே மகள். தன்னோடு வேலை செய்த சிங்களப் பையனைக் கண்டியில் பதிவுத் திருமணம் செய்துகொண்டு நியூசிலாந்துக்குப் போய்விட்டாள். பையனைப் பற்றி அவருக்குக் குறை ஒன்றும் இல்லை. தோட்டத்தில் எந்த வீட்டுக் கடிதமானாலும் அவருடைய கையைத் தாண்டித்தான் போகும், யார் வீட்டில் என்ன என்று முதலில் அறிகிறவர் அவர். சொந்த மகளின் கல்யாணத்தை மட்டும் தப்பால்காரன் வந்து சொல்லித்தான் அறிந்தார். அதைத்தான் பொறுக்க முடியவில்லை. அவளிடமிருந்து முதல் மின்னஞ்சல் வந்தபோது, வீட்டுக்கு இணைய இணைப்புக் கொடுத்தவரைப் பிடித்து, அதுவும், இனி அந்த முகவரியிலிருந்து எது வந்தாலும் அதுவும் தானாகப் பெண்டிங் ஃபோல்டருக்குப் போய்விடும்படி ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். படிக்கவில்லை, அழிக்கவும் இல்லை. ஃபோல்டரின் பக்கத்தில் இருக்கும் எண்ணை மட்டும் பார்ப்பார். மாதம் ஒன்று கூடினால் மகள் சுகமாக இருக்கிறாள் என்று அர்த்தம். ஒன்பது வருடம் இப்படியே. கேட்டுக்கொண்டிருந்த எனக்குப் பரிதாபமும் வந்தது, நாலு வார்த்தை கேட்க வேண்டும் போலவும் இருந்தது. புது டிஸ்க் போட்ட பெட்டியைக் கொடுத்தனுப்பினேன்.

அடுத்த வாரம் கையில் ஒரு தாளோடு மறுபடி வந்தார். அச்செடுத்த மின்னஞ்சல். தலையில் 'பெறப்பட்டது', முந்தின நாள் திகதி. இது எப்படி முதல் தட்டுக்கு, அதாவது இன்பாக்ஸுக்கு, வந்தது என்று கேட்டார். எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. கடிதங்களைக் கொண்டுவந்தேன், கணக்கை அமைத்தேன், பட்டியலில் இருந்ததெல்லாம் செய்தேன். அந்தத் தானியங்கி ஏற்பாட்டை மட்டும் போடவில்லை. அது வேறொரு சின்னக் கோப்பில் இருக்கும், நான் தேடவே இல்லை. அவர் வாயால் கேட்டும் எனக்கு உறைக்கவில்லை. மன்னிப்புக் கேட்டு, இரண்டு நிமிட வேலை, இப்போதே வீட்டுக்கு வந்து போட்டுத் தருகிறேன் என்றேன். அப்படியே, பட்டியலில் நீங்கள் அதை எழுதவில்லையே என்று என் பக்க நியாயத்தையும் மெல்ல நுழைத்தேன்.

"கையளிக்கிற பட்டியல்ல அடுத்த ஆளுக்கு வேண்டியதத்தான் எழுதுவாங்க, மிஸ்," என்றார்.

வேண்டுமென்றேதான் விட்டாரா, மறந்துவிட்டுச் சமாளித்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சமாளிப்பாகத்தான் இருக்கும். ஆனால் ஏற்பாட்டை மறுபடி போட வேண்டாம் என்றார். முதல் தட்டில் விழுந்து முத்திரையும் குத்திய கடிதத்தை எடுத்துப் பெண்டிங்கில் போடும் பழக்கம் தன்னிடம் இல்லை என்றார். பதில் எழுதியாயிற்று, ஆனால் எந்தக் கடிதமும் இரண்டாவது ஆள் பார்க்காமல் ஆபீசை விட்டுப் போகக் கூடாது, அதனால் நகலைக் கொண்டுவந்தேன் என்று இன்னொரு தாளை நீட்டினார். வாசித்தேன். நான்கே வரி.

'மகளுக்கு, உமது இம்மாதக் கடிதம் கிடைத்தது. உமது முதல் ஏழு கடிதங்கள் எமது பக்கத்தில் தவறிவிட்டன. அவற்றின் பிரதிகளை அனுப்பி உதவவும். இப்படிக்கு, அப்பா.'

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஐயா, ஒன்பது வருஷம் கழிச்சுப் பெத்த புள்ளைக்கு எழுதுறது இதுதானா? சுகமா இருக்கியான்னு ஒரு வார்த்தை போட்டா என்ன?" என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. தாளை வாங்கி நான்காக மடித்தார். "சுகத்த விசாரிக்கிறதுக்கு முன்னால வந்த கடுதாசிக்குப் பதில் சொல்லணும், மிஸ். படிக்காத கடுதாசிக்கு என்னத்த பதில் சொல்றது?" என்றார். எழுத்துப் பிழை ஏதும் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். போய்விட்டார். அந்த மகளின் இடத்தில் நான் இருந்தால் கணினியை மூடிவிட்டு வேறு வேலையைப் பார்ப்பேன் என்று அன்று முழுக்க முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

என் கணிப்பு தப்பு. அதற்குப் பிறகு அவர் அச்செடுக்க மை வாங்கவும் கடதாசி வாங்கவும் அடிக்கடி வந்தார், போகப் போக இரண்டு மடங்கு வாங்கினார். ஒரு டிசம்பரில் மகள், மருமகன், பேத்தி எல்லோரும் வந்திருப்பதாக, மழை பெய்கிறது என்று சொல்வது போலச் சொன்னார். நான்கு வருடம் அப்படிப் போனது. பிறகு நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்து காலமானார். மஹய்யாவைத் தேவாலயத்தில் இரங்கல் திருப்பலிக்குப் போனேன். கூட்டத்தில் மகளைத் தூரத்தில் பார்த்தேன்.

அடுத்த கிழமை அவளே படியேறி வந்தாள். வீட்டை ஒழுங்குபடுத்தும்போது அலுமாரியில் ஒரு கையளிப்புப் பட்டியல் இருந்ததாம். யாருக்கு என்ன என்று இலக்கமிட்டு எழுதியிருந்தார். அதில் ஒரு வரி: 'ரப்பர் முத்திரை 1, கொம்பியூட்டர் மிஸ்ஸுக்கு.' அதைக் கொடுத்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். "அந்தப் பதில் வந்தப்போ நான் வேலையில இருந்தேன், அக்கா. பிரதிகளை அனுப்பி உதவவும்னு வாசிச்சதும் வாய்விட்டுச் சிரிச்சிட்டேன். பிறகு போய்க் காருக்குள்ள இருந்து அழுதேன்," என்றாள். அனுப்பிய கடிதங்கள் அவளுடைய கணினியில் அப்படியே இருந்தன. ஏழையும் அன்றைக்கே மறுபடி அனுப்பியிருக்கிறாள்.

கையில் இருந்தது அவற்றில் முதலாவது. ஐயா அச்செடுத்து, இலக்கமிட்டு, முத்திரை குத்தியது. மூன்று வரிக் கடிதம். நல்லபடியாக வந்து சேர்ந்தோம், நுவரெலியா மாதிரிக் குளிர். உங்களிடம் சொல்லாமல் செய்தது என் பிழை. திட்டியாவது ஒரு பதில் போடுங்கள், அப்பா. அவ்வளவுதான். அதன் அடியில், 'பதில்' என்று எழுதிக் கோடு போட்டிருந்த இடத்தில், அவருடைய சாய்ந்த எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது: 'ஒன்பது வருடம் தாமதம். பிழை எமது பக்கம்.'

தாளைத் திருப்பிக் கொடுத்தேன். முத்திரையை எடுத்து மேசையின் வலது மூலையில் வைத்தேன்.

இப்போது கடிதம் தொலைந்தது என்று யாரும் கடைக்கு வருவதில்லை. எல்லாம் எங்கோ ஒரு சேர்வரில் கிடக்கிறது, புதுக் கணினியில் கடவுச்சொல்லைப் போட்டால் வந்து நிற்கிறது. முத்திரைக்கு வேலை அட்டைகளில் மட்டும்தான். நேற்று ஒரு டீச்சரின் கணினியில் என் கவனக்குறைவால் ஒரு ஃபோல்டர் அழிந்துபோனது. வைரஸ் என்று சொல்லியிருக்கலாம், வழக்கமாக அப்படித்தான் சொல்வோம், யாரும் கேள்வி கேட்பதில்லை. அட்டையை இழுத்து, ஏற்கெனவே குத்தியிருந்த முத்திரைக்குக் கீழே எழுதினேன்: பிழை எமது பக்கம். மூன்றே சொல். எழுதி முடிக்க வெகு நேரம் பிடித்தது.